கடலடிப் பாறைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலின் தரைக்குக் கீழே பெரிய நன்னீர்த் தேக்கம் இருப்பதாக 2019-இல் செய்தி வந்தது. அதைப் படித்த பலரும் கேட்டது ஒன்றுதான்: கடலுக்கு அடியில் இவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர் இருக்கிறதென்று கப்பலில் போய்க்கொண்டே எப்படிச் சொன்னார்கள்? மின்காந்த முறையில் சொன்னார்கள். அந்த முறையைப் பற்றி மாணவர்களும் பொதுவாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் போகாது.

சுருக்கமாகச் சொன்னால் இது என்ன முறை?

கடலடிப் பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது, அதாவது அதன் தடைத்திறன் என்ன என்று அளந்து, அந்தப் பாறைக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை.

நம் ஊரில் போர் போடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க வருபவர் நிலத்தில் நான்கு கம்பிகளை ஊன்றி, இரண்டில் மின்சாரம் விட்டு, மற்ற இரண்டில் வோல்டேஜ் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிப்படை அதேதான். பிரான்சில் கான்ராட் ஷ்லும்பெர்ஜர் 1912 வாக்கில் தொடங்கிவைத்த வேலை அது. கடலில் வேறுபடுவது என்னவென்றால், நாம் நிற்கும் இடமே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உப்புநீர். அதனால் முறையையே வேறு விதமாக யோசிக்க வேண்டியிருந்தது.

பாறை மின்சாரத்தைக் கடத்துமா?

மணலும் சுண்ணாம்பும் எரிமலைப் பாறையான பசால்ட்டும் தாமாக ஏறக்குறைய கடத்துவதே இல்லை. அவற்றின் நுண்துளைகளில் இருக்கும் உப்புநீர்தான் கடத்துகிறது. நாம் அளப்பது பாறையை அல்ல, பாறையின் இடுக்குகளில் நிற்கும் திரவத்தை என்று சொன்னால் பெரிதாகத் தப்பில்லை.

இதை ஒரு சூத்திரமாக 1942-இல் எழுதிக்கொடுத்தவர் ஷெல் கம்பெனியில் வேலை செய்த கஸ் ஆர்ச்சி. தோராயமாகச் சொன்னால், நுண்துளை பாறையின் கன அளவில் பாதி என்றால், பாறையின் தடைத்திறன் உள்ளே இருக்கும் நீருடையதைப் போல் 4 மடங்கு. பத்தில் ஒரு பங்குதான் என்றால் 100 மடங்கு. கடல்நீரின் தடைத்திறன் சுமார் 0.3 ஓம்-மீட்டர். ஆகவே கடல்தரையின் இளகிய சேறு 1 ஓம்-மீட்டர் பக்கம் வரும். இறுகிய பாறை 30-ஐத் தொடும். எண்ணெயோ எரிவாயுவோ நிரம்பிய மணற்பாறை பல பத்துகளில் தொடங்கி 100-க்கு மேலும் போகும். உப்புப் பாறையும் எரிமலைப் பாறையும் அதற்கும் மேலே. இவ்வளவு பரந்த வித்தியாசம் பாறையின் வேறு எந்தப் பண்பிலும் சுலபத்தில் கிடைக்காது. அடர்த்தியை எடுத்துக்கொண்டால், சேற்றிலிருந்து பசால்ட்டுக்குப் போனாலும் இரண்டு மடங்கு கூடுவதே பெரிது.

சீஸ்மிக் முறை இருக்கும்போது இது எதற்கு?

ஒலியலையை அனுப்பி எதிரொலி கேட்கும் சீஸ்மிக் முறை, அடுக்குகளின் வடிவத்தைக் காட்டுவதில் ஈடு இணையில்லாதது. மின்காந்த முறை அந்தக் கூர்மைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அடுக்குக்குள் என்ன திரவம் என்ற கேள்விக்கு சீஸ்மிக் பல நேரம் தடுமாறும்.

இதற்கு நல்ல உதாரணம் எரிவாயு. உப்புநீர் நிரம்பிய மணலில் வெறும் 10 சதவீத இடத்தை வாயு பிடித்துக்கொண்டாலே ஒலியின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 80 சதவீதம் பிடித்தாலும் ஏறத்தாழ அதே மாதிரிதான் தெரியும். சீஸ்மிக் படத்தில் இரண்டும் ஒரே பிரகாசத்தில் இருக்கும். ஒன்று லாபமான வயல், மற்றொன்று கோடிக்கணக்கான டாலரைக் கொட்டித் துளையிட்டுக் கைவிட வேண்டிய இடம். தடைத்திறனில் கதை வேறு. ஆர்ச்சி கணக்கின்படி 10 சதவீத வாயு தடைத்திறனைச் சுமார் 1.2 மடங்குதான் ஆக்கும். 80 சதவீத வாயு 25 மடங்கு ஆக்கும். இந்த ஒரு கணக்குதான் எண்ணெய்க் கம்பெனிகளை இந்தப் பக்கம் திரும்ப வைத்தது.

இரண்டும் போட்டி முறைகள் என்ற பேச்சு இந்தத் துறையில் நிறைய நேரத்தை வீணாக்கியிருக்கிறது. சீஸ்மிக் கொடுக்கும் எல்லைகளுக்குள் மின்காந்த முறை நிறம் தீட்டுகிறது. எல்லை இல்லாமல் தீட்டிய நிறம் கலங்கலாகத்தான் இருக்கும்.

கடல்நீர் நல்ல கடத்தி ஆயிற்றே. அனுப்பும் மின்சாரம் எல்லாம் நீரிலேயே ஓடிவிடாதா?

பெரும்பகுதி அப்படித்தான் ஓடும். ஆனால் நீர் அதை வேகமாக விழுங்கியும் விடும். இந்த முறை வேலை செய்வதற்குக் காரணமே அதுதான்.

மின்காந்த அலை ஒரு கடத்திக்குள் போகப்போக வலுவிழக்கும். முதலில் இருந்ததில் 37 சதவீதமாகக் குறையும் தூரத்தை ஊடுருவு ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தடைத்திறனை அதிர்வெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 503-ஆல் பெருக்கினால் அது மீட்டரில் கிடைக்கும். எஃப்.எம். ரேடியோவின் 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கடல்நீரில் இது 3 சென்டிமீட்டர்தான். திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது இதனால்தான்: 18 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஊடுருவு ஆழம் சுமார் 2 மீட்டர் ஆகிறது. அதற்கே அவ்வளவு பெரிய கோபுரங்கள்.

நாம் இன்னும் கீழே இறங்கி நொடிக்குக் கால் சுழற்சி, அதாவது 0.25 ஹெர்ட்ஸுக்குப் போனால், கடல்நீரில் 550 மீட்டர். 1 ஓம்-மீட்டர் சேற்றில் 1 கிலோமீட்டர். இங்கே கவனியுங்கள்: நீரைவிடப் பாறைக்குள் அலை அதிக தூரம் தாக்குப்பிடிக்கிறது. மின்சாரம் அனுப்பும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கருவியை வைத்தால், நீர் வழியாகக் கிளம்பியது வழியிலேயே செத்துவிடும். வந்து சேருவது பாறை வழியாக வந்ததே.

இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் காக்ஸ். மேலே இருந்து வரும் இயற்கை மின்காந்த இரைச்சலைக் கடல் வடிகட்டிவிடுகிறது, ஆகவே ஆழ்கடல் தரை மிகவும் அமைதியான இடம், அங்கே நாமே ஒரு சிறிய சைகையை அனுப்பினாலும் கேட்கும் என்பது அவர் வாதம். 1970-களின் கடைசியில் கிழக்குப் பசிபிக் மேட்டில் அதைச் செய்தும் காட்டினார். கடல்நீரைத் தடையாகப் பார்க்காமல் திரையாகப் பார்த்தது பெரிய யோசனை. இத்தனை வருடம் கழித்தும் அந்த எளிமை எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கருவிகள் எப்படி இருக்கும்?

இரண்டு பகுதி. அனுப்புவது ஒன்று, கேட்பது ஒன்று.

அனுப்புவது, கப்பலின் பின்னால் நீண்ட கேபிளில் கட்டி இழுக்கப்படும் ஆன்டெனா. 100 முதல் 300 மீட்டர் நீளம், இரு முனையிலும் செம்பு போன்ற உலோகத்தில் மின்முனைகள். கடல்தரைக்கு 25 முதல் 100 மீட்டர் உயரத்தில் மிதந்தபடி வரும். சில நூறு ஆம்பியர் முதல் ஆயிரத்துக்கு மேலும் மின்சாரம் அதில் ஓடும். தரையில் மோதாமலும் ரொம்ப மேலே போகாமலும் அதை ஓட்டுவது தனி வித்தை. கடல்தரை நாம் நினைப்பதுபோல் தட்டையாக இருப்பதில்லை.

கேட்பது, கடல்தரையில் உட்காரும் ரிசீவர். ஒரு சட்டகம், அதில் பதிவுக் கருவியும் பேட்டரியும் அடைத்த உலோகக் குடுவை, மிதப்பதற்குக் கண்ணாடிக் கோளங்கள், நாலு பக்கமும் நீட்டிய பிளாஸ்டிக் குழாய்க் கைகள். எதிரெதிர்க் கைகளின் முனைக்கு முனை சுமார் 10 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் வெள்ளி, வெள்ளிக் குளோரைடு மின்முனை. அடியில் ஒரு கான்கிரீட் பலகை. கிரேனில் தூக்கிக் கடலில் விட்டால் அந்த எடையில் தானாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்ததும் கப்பலிலிருந்து ஒலிச் சைகை அனுப்புவார்கள். கான்கிரீட்டைப் பிடித்திருக்கும் உலோகக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து, உப்புநீரிலேயே அது அரித்து அறுந்துபோகும். கான்கிரீட் கீழே தங்கிவிட, ரிசீவர் மெதுவாக மேலே வரும். ராத்திரியாக இருந்தால் அதன் உச்சியில் மினுக்கும் விளக்கைத் தேடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு சின்னச் சைகையை அளக்கிறோம் தெரியுமா? 1000 ஆம்பியர், 300 மீட்டர் ஆன்டெனா என்று வைத்துக்கொண்டு, நல்ல ரிசீவரின் இரைச்சல் எல்லைக்குக் கணக்குப் போட்டால், 10 மீட்டர் கைகளுக்கு இடையே சுமார் 3 நானோவோல்ட் வருகிறது. ஒரு வோல்ட்டில் நூறு கோடியில் மூன்று பங்கு. இரைச்சலிலிருந்து அதைப் பிரிக்க, நீண்ட நேரப் பதிவை அனுப்பிய அலையோடு நேரம் பிசகாமல் பொருத்திச் சராசரி எடுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு ரிசீவரின் கடிகாரத்தையும் கடலில் போடும் முன்பும் எடுத்த பின்பும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை மில்லிநொடி பிசகியது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

தரைக்கு 1 கிலோமீட்டர் கீழே மெல்லிய எண்ணெய் அடுக்கு. அது எப்படித் தெரிகிறது?

சுற்றிலும் நன்றாகக் கடத்தும் சேறு, நடுவில் கடத்தாத தகடு. ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு செங்குத்தாகவும் போகும். அது இந்தத் தகட்டில் தடுக்கப்படும்போது, தகட்டின் மேலும் கீழும் மின்னூட்டம் சேரும். அலையும் தகட்டின் வழியே அதிகம் தேயாமல் நீண்ட தூரம் ஓடும், வழியெல்லாம் மேலே கசிந்துகொண்டே.

தரையில் உள்ள ரிசீவரில் என்ன தெரியும்? ஆன்டெனா விலகிப் போகப்போக மின்புலம் சரசரவென்று குறைந்துகொண்டே வரும். சில கிலோமீட்டர் தாண்டியதும், அடியில் எண்ணெய் இருந்தால், அந்தச் சரிவு தணியும். எண்ணெய் இல்லாத இடத்தில் எடுத்த கோட்டையும் இதையும் ஒரே தாளில் வரைந்தால் இரண்டும் பிரிந்து போகும் இடம் கண்ணுக்கே தெரியும். அங்கோலாவுக்கு அப்பால் ஆழ்கடலில் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் நார்வேயின் ஸ்டாட்டாயில் எண்ணெய்க் கம்பெனியும் ஸ்கிரிப்ஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து, எண்ணெய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த இடத்தின் மேல் இதைச் செய்துபார்த்தார்கள். விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்டது சரியான அணுகுமுறை.

மின்சாரம் அனுப்பாமல், இயற்கையிலேயே வரும் அலைகளை வைத்துப் பார்க்க முடியாதா?

முடியும். அதற்குப் பெயர் மேக்னட்டோடெல்லூரிக் முறை. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தை அசைக்கும்போதும், உலகமெங்கும் மின்னல் வெட்டும்போதும் பிறக்கும் அலைகள் பூமிக்குள் இறங்கி மின்னோட்டத்தைத் தூண்டும். மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே இடத்தில் அளந்து விகிதம் எடுத்தால் தடைத்திறன் வரும். ரஷ்யாவின் டிகோனோவ் 1950-இலும் பிரான்சின் கான்யார் 1953-இலும் தனித்தனியாக இதை எழுதினார்கள்.

கடலில் ஒரு சங்கடம் உண்டு. 4 கிலோமீட்டர் ஆழத்தில், சில நிமிடங்களுக்குக் குறைவான அலைவுநேரம் கொண்டவற்றை நீர் பெருமளவு வடிகட்டிவிடும். மிஞ்சும் நீண்ட அலைகள் பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள ஆழமான மேன்டிலைக் காட்டும், மேலோட்டின் நுணுக்கத்தைக் காட்டா. தவிர, இந்த மின்னோட்டம் கிடைமட்டமாக ஓடுவதால் மெல்லிய எண்ணெய்த் தகட்டை அது கண்டுகொள்ளாமல் போய்விடும்.

ஆழமான கேள்விகளுக்கு இதைவிட நல்ல முறை குறைவு. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா கரைக்கு அப்பால் கோக்கோஸ் என்ற நிலத்தட்டு கண்டத்துக்கு அடியில் புகுந்துபோகிறது. 2010-இல் அங்கே ரிசீவர்களை வரிசையாகப் போட்டு எடுத்த தரவில், 45 முதல் 70 கிலோமீட்டர் ஆழத்தில் நன்றாகக் கடத்தும் ஓர் அடுக்கு தெரிந்தது. பாறை ஓரளவு உருகியிருக்கிறது என்பதே 2013-இல் நேச்சர் இதழில் வந்த விளக்கம். நிலத்தட்டுகள் எதன் மேல் வழுக்கிப் போகின்றன என்பது புவியியலின் பழைய கேள்வி. அதற்கு நேரடியாகக் கிடைத்த சாட்சிகளில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன்.

அட்லாண்டிக் நன்னீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்?

இந்த முறையை ஒருவருக்கு விளக்க ஒரே ஓர் உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கதை 1976-இல் தொடங்குகிறது. அமெரிக்கப் புவியியல் அளவை நிறுவனம் அட்லாண்டிக் கரையோரக் கடலில் அங்கங்கே துளையிட்டு மாதிரி எடுத்தது. சில துளைகளில் எதிர்பாராமல் உப்புக் குறைந்த நீர் வந்தது. ஆனால் துளை என்பது ஒரு புள்ளி. இரண்டு துளைகளுக்கு நடுவே நீர் தொடர்கிறதா, தனித்தனிக் குட்டையா என்பது தெரியவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

2015-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமான்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கெர்ரி கீயும், வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் ராப் எவன்ஸும் நியூஜெர்சிக்கு அப்பாலும் மாசசூசெட்ஸில் மார்த்தாஸ் வினியார்டு தீவுக்கு அப்பாலும் பத்து நாள் கப்பலில் அளந்தார்கள். கடல் அங்கே ஆழமில்லை என்பதால் ஆன்டெனாவையும் ரிசீவர்களையும் நீரின் மேற்பரப்பிலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். தரையில் வைத்த கருவிகளில் மேக்னட்டோடெல்லூரிக் தரவும் சேர்த்து எடுத்தார்கள். குளோயி கஸ்டாஃப்சன் என்ற ஆய்வு மாணவி முதன்மை ஆசிரியராக 2019-இல் கட்டுரை வந்தது.

படத்தில் தெரிந்தது இது. கடல்தரைக்குக் கீழே சுமார் 180 மீட்டரில் தொடங்கி, சில இடங்களில் 360 மீட்டர் வரை, தடைத்திறன் கூடிய ஒரு பட்டை. கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல் அது நீள்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி. இடைப்பட்ட கரையோரத்திலும் அது தொடர்வதாக எடுத்துக்கொண்டால் குறைந்தது 2,800 கன கிலோமீட்டர் உப்புக் குறைந்த நீர்.

உப்புக் குறைந்த நீர் என்று கவனமாகச் சொல்கிறேன். கரைக்கு அருகே அது ஏறக்குறைய நல்ல தண்ணீர். தூரம் போகப்போக உப்பு ஏறும். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்றால், வெளி ஓரத்தில் 15 பங்கு வரைக்கும் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சுத்திகரித்துத்தான் குடிக்க முடியும். செய்தித்தாள்கள் பலவும் இந்த வரியை விட்டுவிட்டன.

எங்கிருந்து வந்தது அந்த நீர்? கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. இன்று கடலடியாக இருப்பது அன்று தரை. மழையும் உருகிய பனியாற்று நீரும் மணலுக்குள் இறங்கின. பிறகு கடல் ஏறி மூடிக்கொண்டது. மேலே படிந்த களிமண் உப்புநீரை எளிதில் கீழே விடவில்லை. இன்றும் கரைப்பக்க நிலத்தடி நீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்கலாம் என்றும் கட்டுரை சொன்னது. இதில் எது எவ்வளவு என்பதை மின்சாரம் சொல்லாது. நீரை எடுத்து வயது பார்க்க வேண்டும்.

அதைத்தான் 2025 கோடையில் செய்தார்கள். சர்வதேசப் பெருங்கடல் துளைத் திட்டத்தின் 501-ஆவது பயணம், கேப் காட் பகுதிக்கு அப்பால் துளையிட்டு, ஏறக்குறைய 50,000 லிட்டர் நீரை மேலே கொண்டுவந்தது. நான்டக்கெட் தீவுக்குக் கிட்ட இருந்த துளையில் நீர் நன்னீருக்கு மிக அருகில் இருந்தது.

ஹவாயிலும் இதேபோல ஒன்று நடந்திருக்கிறது. பெரிய தீவின் மேற்குக் கரையில் மழைநீரில் பெரும்பங்கு எங்கே போகிறது என்பது புரியாமல் இருந்தது. எரிக் அட்டியாஸ் குழு 2020-இல், கடலடி எரிமலைப் பாறை அடுக்குகளுக்குள் அது புகுந்து கடலுக்கு அடியில் போவதை மின்காந்தப் படமாகக் காட்டியது.

மீத்தேன் ஹைட்ரேட்டுக்கு இது பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். ஹைட்ரேட் என்பது குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் நீரும் சேர்ந்து உறைந்த திடப்பொருள். பனிக்கட்டி மாதிரி மின்சாரத்தைத் தடுக்கும். சீஸ்மிக் படத்தில் ஹைட்ரேட் நிலைக்கும் மண்டலத்தின் அடிவிளிம்பு தெரியும்; அதற்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. ஆரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் முகடு என்ற இடத்தில் 2004-இல் ஸ்கிரிப்ஸ் குழு இதற்காகவே ஓர் அளவை செய்தது.

இந்தியாவுக்கு இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. 2006-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டபோது, 10-ஆவது இடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் கிடைத்தது. அங்கே ஒரு பாடமும் கிடைத்தது. ஹைட்ரேட் களிமண்ணின் விரிசல்களில் செங்குத்தாக நிரம்பியிருந்தது. துளைக்குள் அளந்த தடைத்திறனை ஆர்ச்சி கணக்கில் அப்படியே போட்டபோது, அழுத்தம் குறையாமல் எடுத்த மாதிரிகள் காட்டியதைவிட மிக அதிகமாக ஹைட்ரேட் இருப்பதாக விடை வந்தது. விரிசலுக்குக் குறுக்கே மின்சாரம் ஓட முடியாது, விரிசலோடு சேர்ந்து ஓடும். திசையைப் பார்க்காமல் ஒரே எண்ணைப் பாறைக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

எண்ணெய்க் கம்பெனிகள் முதலில் கொண்டாடிவிட்டுப் பிறகு ஏன் ஆர்வம் இழந்தன?

முறை கெட்டுப்போகவில்லை, எதிர்பார்ப்புதான் கெட்டது. அங்கோலா சோதனைக்குப் பிறகு 2002-இல் நார்வேயின் டிராண்ட்ஹெய்மில் இ.எம்.ஜி.எஸ். என்ற கம்பெனி இதற்காகவே தொடங்கப்பட்டது. சில ஆண்டுகள் நல்ல ஓட்டம். ஆனால் "தடைத்திறன் கூடினால் எண்ணெய்" என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்புப் பாறை, உப்புப் பாறை, பசால்ட், ஹைட்ரேட், இறுகிப்போன மணல், ஏன் நன்னீர்கூடத் தடைத்திறனைக் கூட்டும். துளையிட்டால் எண்ணெய் இல்லை. அப்புறம் நம்பிக்கை போனது. எண்ணெய் விலை சரிந்தபோது ஆய்வுச் செலவை எல்லாரும் வெட்டியதும் சேர்ந்துகொண்டது.

கடல் ஆழமில்லாவிட்டால் என்ன பிரச்சினை?

சைகை மேலே போய், காற்றில் கிட்டத்தட்டத் தேயாமல் ஓடி, மறுபடி கீழே இறங்கி ரிசீவரைத் தொடும். ஆழ்கடலில் இதை நீர் விழுங்கிவிடும். ஆழம் குறைந்தால் பாறை வழியாக வந்ததை இது மூழ்கடிக்கும். மேலிருந்து வருவதையும் கீழிருந்து வருவதையும் கணக்கில் பிரிப்பது, தொடர் அலைக்குப் பதில் துடிப்பு அனுப்புவது என்று வழிகள் உண்டு. நன்னீர் மாதிரி மேலாக இருக்கும் இலக்குக்கு இது அவ்வளவு தொல்லை தருவதில்லை.

கடல் அலையும் ஓதமும் அளவீட்டைக் கெடுக்காதா?

கெடுக்கும். உப்புநீர் ஒரு கடத்தி. அது பூமியின் காந்தப்புலத்தில் நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1832-இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் உலோகத் தகடுகளை இறக்கி இதை அளக்கப் பார்த்தார். தகடுகளிலேயே நடந்த வேதிவினை அவருக்குத் தெளிவான விடை கிடைக்கவிடவில்லை. இன்று வெள்ளிக் குளோரைடு மின்முனை போடுவதற்குக் காரணமும் அந்தத் தொல்லைதான்.

ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குத் தரவு. புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையே கிடக்கும் கடலடிக் கேபிளில் வோல்டேஜ் பார்த்து, அங்கே ஓடும் கடல் நீரோட்டத்தின் அளவை 1982-இலிருந்து பல ஆண்டுகளாகக் கணித்திருக்கிறார்கள். 2010 சிலி நிலநடுக்கத்தின் சுனாமி கடந்துபோனது பசிபிக் கடலடி மின்காந்தக் கருவிகளில் பதிவானது.

மீன்களுக்குத் தீங்கு உண்டா?

சுறா, திருக்கை இனங்கள் மிகச் சிறிய மின்புலத்தையும் உணரக்கூடியவை. ஆன்டெனாவுக்கு அருகில் அவை இதை நிச்சயம் உணரும். புலம் தூரத்தோடு வேகமாகக் குறைகிறது, கப்பலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சீஸ்மிக் காற்றுத் துப்பாக்கியின் பெருஞ்சத்தம் இதில் இல்லை. இருந்தாலும் இவை இனப்பெருக்கம் செய்யும் பகுதிகளில் பருவம் பார்த்து வேலை செய்வதே முறை.

தமிழ்நாட்டுக் கடல் பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

1970-களில் தென்முனையில் உள்ள காந்தப் பதிவுகளைப் பார்த்தபோது, காந்தப்புலத்தின் வேகமான ஏற்ற இறக்கங்கள் அங்கே வழக்கத்துக்கு மாறாக இருந்தன. இலங்கைப் பதிவுகளிலும் அப்படியே. கடலில் தூண்டப்படும் மின்னோட்டம் பாக் நீரிணை வழியாக ஒடுங்கி ஓடுகிறது, அடியிலும் நன்றாகக் கடத்தும் பகுதி இருக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். பாக் நீரிணை மிக ஆழமற்றது. அந்த மெல்லிய நீர் மட்டும் இவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது என்பதே வாதத்தின் உயிர். 1990-களில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் வங்காள விரிகுடாவின் அடியிலும் கருவிகள் வைத்தது.

என் ஆசை வேறு. பனியுகத்தில் நம் கரையோரக் கடலடியும் தரையாகத்தான் இருந்தது. காவிரியும் வைகையும் தாமிரபரணியும் இன்றைய கரையைத் தாண்டி ஓடியிருக்கின்றன. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தப் பழைய ஆற்றுமணலில் என்ன நீர் நிற்கிறது என்று ஒரு சிறு படகில் கேபிள் கட்டி இழுத்துப் பார்ப்பதற்குப் பெரிய கப்பல் தேவையில்லை. யாராவது செய்ய வேண்டும்.

ஒரே தரவுக்குப் பல விடை பொருந்துமாமே?

பொருந்தும். 100 மீட்டர் தடிமனில் 20 ஓம்-மீட்டரும், 50 மீட்டர் தடிமனில் 40 ஓம்-மீட்டரும் தொலைவிலிருந்து ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். தடிமனும் தடைத்திறனும் சேர்ந்த பெருக்கல்தான் உறுதியாகக் கிடைக்கும். சீஸ்மிக் தடிமனைச் சொன்னால் மற்றது தானாக வரும். வேறு துணை இல்லாதபோது, தரவுக்குப் பொருந்தும் படங்களிலேயே மிக வழுவழுப்பானதைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஸ்டீவன் கான்ஸ்டபிள், ராபர்ட் பார்க்கர், கேத்தரின் கான்ஸ்டபிள் 1987-இல் கொடுத்த வழி இது. தேவையில்லாத அமைப்பைப் படத்தில் சேர்க்கக்கூடாது என்பது அதன் நோக்கம்.

படிக்க எங்கே தொடங்குவது?

இயற்பியலோ புவியியலோ படித்தவர்கள் பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் இன்றே தொடங்கலாம். சிம்பெக், மேர்2டெம் போன்ற நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பயிற்சியாக, 1 கிலோமீட்டர் கடல், அடியில் 1 ஓம்-மீட்டர் சேறு, அதற்குள் 1 கிலோமீட்டர் கீழே 100 மீட்டர் தடிமனில் 100 ஓம்-மீட்டர் தகடு என்று வைத்து, தகடு இருக்கும்போதும் இல்லாதபோதும் மின்புலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதிர்வெண்ணை 0.1-இலிருந்து 10 ஹெர்ட்ஸ் வரை மாற்றினால் ஒரு மாலையில் நிறையப் புரியும். வேலை என்று வந்தால் ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ. (தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம்), கோவா என்.ஐ.ஓ. (தேசியக் கடலியல் நிறுவனம்), சென்னை பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆகிய இடங்களைக் கவனித்துவாருங்கள்.

கட்டுரையில் வண்ண வண்ணமாக ஒரு தடைத்திறன் படம் இருந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

நிற அளவுகோலைப் பாருங்கள். அது பெரும்பாலும் 1, 10, 100 என்று பத்து மடங்காக ஏறும். நிறத்தில் சின்ன மாற்றம் என்பது உண்மையில் பெரிய மாற்றம். அடுத்து, ரிசீவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தன என்று மேலே குறி போட்டிருப்பார்கள். கடைசி ரிசீவருக்கு அப்பால் தெரியும் எதையும் நம்ப வேண்டாம். அப்புறம், எந்த ஆழம் வரை தரவுக்கு உண்மையில் பிடிப்பு இருக்கிறது என்று சோதித்திருக்கிறார்களா, கிடைமட்ட, செங்குத்துத் திசைகளுக்குத் தனித்தனி மதிப்பு கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். படத்தின் மேல் பழைய துளை ஒன்றின் அளவீடும் வரையப்பட்டு, இரண்டும் ஒத்துப்போனால், அந்தக் கட்டுரையை நிதானமாக முழுதும் படிக்கலாம்.